ஆவாரை பற்றிக் கேளுங்கள்

கேள்வி: விதை போட்டு ஒரு மாதமாகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில்: விதைத்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி என்பதால் இடம் மாற்றி நட்டால் பாதி செத்துவிடும். நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. கரட்டுக்காட்டில் தானாக வளர்கிற செடிக்குத் தினமும் வாளி வாளியாக ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. டீ குடிப்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதிகமாக இறங்கிவிடக்கூடும்.

கேள்வி: பச்சைப் புழு இலையைத் தின்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: எதுவும் அடிக்காதீர்கள். அநேகமாக மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழு. இலை மறுபடி துளிர்க்கும்.

கேள்வி: அவரைக் குடும்பம்தானே? காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பிடித்து மண்ணில் சேர்க்குமா?

பதில்: சேர்க்காது. இதன் வேரில் அதற்கான முடிச்சுகள் உண்டாவதில்லை.

கேள்வி: தவறு. எங்கள் அப்பா ஆவாரந்தழையை வெட்டி வயலில் போட்டு மிதிப்பார். நெல் அருமையாக விளையும்.

பதில்: அப்பா செய்தது சரி, நீங்கள் சொல்லும் காரணம்தான் சரியில்லை. செடி எங்கோ மேட்டு மண்ணிலிருந்து எடுத்த சத்தைத் தழையாக வயலுக்குக் கொண்டுவந்தார். சத்து இடம் மாறியது, அவ்வளவே. சணப்பு, கொளுஞ்சி, தக்கைப்பூண்டு இவை வேறு ரகம், காற்றிலிருந்தே பிடிக்கும்.

கேள்வி: நான் பிடுங்கிய செடியின் வேரில் உருண்டைகளைப் பார்த்தேனே!

பதில்: விரலால் தள்ளிப் பாருங்கள். சத்து பிடிக்கும் முடிச்சு சுலபமாக உதிரும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு (வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு) வேலை. பக்கத்தில் தக்காளி வைத்திருந்தால் அதையும் பாருங்கள்.

கேள்வி: பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தினார்களாமே?

பதில்: ஆமாம், பட்டையில் துவர்ப்புச் சத்து நிறைய. தென்னிந்தியத் தோல் தொழிலே ஒரு காலத்தில் இதை நம்பித்தான் ஓடியது. அப்புறம் வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி: டீக்கு எத்தனை பூ? சர்க்கரைக்கு நல்லதாமே?

பதில்: மேலே படியுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நிலாவரையும் இதுவும் ஒன்றா? கடையில் காய்ந்த இலை கொடுத்தார்கள்.

பதில்: ஒன்றல்ல. நிலாவரை கடும் பேதி மருந்து, டீயாகத் தினமும் குடிக்கிற சரக்கில்லை. சாலையோர மஞ்சள் பூ எல்லாவற்றையும் ஆவாரை என்று பறிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: பேயாவாரை விதை விஷம், குழந்தைகள் கையில் சிக்க விடாதீர்கள்.

கேள்வி: வேலியாக வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆடுமாடு அவ்வளவாகக் கடிக்காது. காய் முற்றியதும் கவாத்து செய்தால் அடியிலிருந்து அடர்த்தியாகத் தழைக்கும்.