ராத்திரி காத்திருந்ததால்தான் குடல்வால் வெடித்ததா?

வண்டிப்பெரியார் சகோதரிக்கு வணக்கம். தம்பியை ராத்திரி 11 மணிக்குச் சேர்த்தும் காலை 9 மணிக்குத்தான் ஆபரேஷன் செய்தார்கள், திறந்து பார்த்தால் குடல்வால் வெடித்திருந்தது, அந்தப் பத்து மணி நேரம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கு வாய்ப்பு குறைவு. பின்லாந்திலும் நார்வேயிலும் 1,800 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. சிக்கலில்லாத குடல்வால் அழற்சி என்று கருதப்பட்டவர்களில் ஒரு பாதிக்கு 8 மணி நேரத்துக்குள், மறுபாதிக்கு 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்று திட்டம். வெடித்திருந்தது முதல் பாதியில் 8 சதவீதம், இரண்டாவதில் 9. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்னால் போகிற நேரம்தான் பெரியது. தம்பிக்கு இரண்டு நாளாக வலி, கேஸ் என்று நினைத்து சோடா கொடுத்தோம் என்கிறீர்கள். சேர்க்கும்போதே வெடித்திருக்கலாம். அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். என் மகளுக்கு வந்தபோது நானும் ஓமத்தண்ணீர்தான் கொடுத்தேன். குமுளி மலைப்பாதையில் ஜீப் குழியில் இறங்கும்போதெல்லாம் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் இறங்குவதும், குலுங்கினால் கூடுவதும் இந்த வலியின் குணம்.

சரி, இனி பார்க்க வேண்டியது இது. வெடித்தவர்களுக்கு வயிற்றுக்குள் சீழ் கட்டலாம். ஆன்டிபயாட்டிக்கை இடையில் நிறுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பல், தையல் போட்ட இடத்தில் சிவப்பு, எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே கூட்டிப் போங்கள்.