விதியைத் தளர்த்துவதா, இறுக்குவதா?

கேள்வி: எனக்கு 54 வயது. எங்கள் மதம் எது என்று வேண்டுமென்றே எழுதவில்லை. என் கணவருக்குப் பெரியவர்கள் வகுத்த விதி என்றால் விதிதான். மகளுக்கு வேலையில் இரவுப் பணி வந்திருக்கிறது. "பெண் பிள்ளை பொழுது சாய்ந்தபின் வெளியே இருக்கக் கூடாது, நம் நெறியில் இல்லை" என்கிறார். "அது அந்தக் காலத்துக்கு எழுதினது, பழையன கழிதலும் புதியன புகுதலும்னு படிச்சதில்லையா?" என்கிறாள் அவள். மகன் பங்குக்கு, "வட்டி பாவம்னும் நம்ம நூல்ல இருக்கே, என் படிப்புக்கு மட்டும் எப்படிக் கடன் வாங்கினீங்க?" என்று கேட்கிறான். "ஒரு கல்லை உருவினால் மொத்தச் சுவரும் சரிந்துவிடும்" என்பது கணவரின் பதில். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பிரார்த்தனை முடித்த கையோடு கைபேசியை எடுத்து, யார் யாரைப் பற்றியோ வரும் செய்திகளை உறவினர் குரூப்பில் தட்டிவிடுவார். போன மாதம் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தியைப் பற்றி அவர் அனுப்பியது பொய் என்று பிறகு தெரிந்தது. அதை அழிக்கவும் இல்லை, தவறு என்று ஒரு வரி போடவும் இல்லை. எந்த விதியை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, யார் முடிவு செய்வது? நடுவில் நின்று தவிக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

மதத்தின் பெயரை எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. எழுதியிருந்தால், "அவங்க மதத்துல அப்படித்தான்" என்று பாதி வாசகர்கள் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். இந்தச் சண்டை எல்லா மதத்து வீடுகளிலும் நடக்கிறது.

உங்கள் கணவரின் பயத்தை மகள் கேலி செய்ய வேண்டாம். புத்தர் தம் இறுதி நாட்களில், "எனக்குப் பிறகு துறவியர் சங்கம் விரும்பினால் சின்னச் சின்ன விதிகளை நீக்கிக்கொள்ளலாம்" என்று தம் சீடர் ஆனந்தரிடம் சொன்னதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. எவை சின்ன விதிகள் என்று ஆனந்தர் கேட்டுவைக்கவில்லை. பிறகு ராஜகிருகத்தில் கூடிய மூத்த துறவிகள் அதற்காக அவரைக் கடிந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கடைசியில் மகாகாசியபர் சொன்னபடி, ஒன்றையும் நீக்குவதில்லை என்று முடிவானது. 'குருவின் சிதைப் புகை அடங்கும்வரைதான் இவர்கள் விதியைக் காத்தார்கள்' என்று ஊர் பேசும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அனுமதி கையில் இருந்தும் தொட அஞ்சினார்கள். எது சின்னது என்று தீர்மானிக்கும் இடத்தில் நம் ஆசை புகுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான்.

ஆனால் சுவரில் கல்லே மாற்றப்பட்டதில்லை என்று அவர் நினைத்தால், அது வரலாறு இல்லை. ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று இருந்த யூதர்கள் சுமார் ஆயிரம் பேர், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எதிர்த்து நிற்காமலே மாண்டார்கள். அதைக் கேள்விப்பட்ட மத்தத்தியா என்ற யூதக் குருவும் அவர் கூட்டமும், இனி ஓய்வுநாளில் தாக்கினாலும் திருப்பிப் போரிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். விதியை மதித்துச் செத்தவர்களும், விதியை மாற்றியவர்களும் ஒரே நம்பிக்கையைச் சேர்ந்தவர்கள்தான்.

இன்னொன்று எனக்கு இன்னும் பிடித்தது. உங்கள் மகனின் கடன் கேள்விக்கும் பக்கத்தில் வருகிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது யூதச் சட்டம். ஏழைக்கு இரங்கி வந்த விதி. நடந்தது என்ன? ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்க, எப்படியும் திரும்பி வராது என்று பணக்காரர்கள் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஏழைக்காக எழுதிய விதி ஏழையின் கழுத்தையே நெரித்தது. ஹில்லேல் என்ற அறிஞர் ஒரு வழி செய்தார். கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைப்பதாகப் பத்திரம் எழுதிவைத்தால் அது தள்ளுபடியாகாது. சொல் மீறப்பட்டதா என்று கேட்டால், கொஞ்சம் மீறப்பட்டதுதான். ஆனால் ஏழைக்கு மறுபடி கைமாற்றுக் கிடைத்தது. இஸ்லாமிய மரபில், கலீபா உமர் கொடும் பஞ்ச காலத்தில் திருட்டுக்கான தண்டனையை நிறுத்திவைத்ததைச் சொல்வார்கள். வங்கத்துச் சீர்திருத்தவாதி வித்யாசாகர் கைம்பெண் மறுமணத்துக்காக வாதாடியபோது, பராசர ஸ்மிருதியிலிருந்தே சுலோகத்தை எடுத்துக் காட்டினார். 1856இல் சட்டம் வந்தது. அந்த ஸ்மிருதியே யுகத்துக்கு யுகம் தர்மம் வேறு என்றுதான் தொடங்குகிறது.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது, கவனியுங்கள். மாற்றியவர்கள் யாரும் தங்களுக்குச் சௌகரியம் என்று மாற்றவில்லை. விதியால் நசுங்கிக்கொண்டிருந்தவர்களுக்காக மாற்றினார்கள்.

'காலத்துக்கு ஏற்ப மாற்றுவது' என்றாலே தளர்த்துவது என்று ஆகிவிட்டது, இதுதான் எனக்குக் குறை. இறுக்குவதும் மாற்றம்தான். வேதாகமத்தில் அடிமை வைத்திருக்காதே என்று நேரடிக் கட்டளை கிடையாது. அதைப் படித்துக்கொண்டே பக்தியுள்ள பலர் தலைமுறை தலைமுறையாக அடிமைகளை வைத்திருந்தார்கள். குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சமூகத்தில் ஜான் உல்மன் போன்றவர்கள் வீடு வீடாகப் போய், 'பிறர் உனக்குச் செய்ய வேண்டும் என்று விரும்புவதை நீ அவர்களுக்குச் செய்' என்ற வரிக்கு என்ன அர்த்தம் என்று பொறுமையாகக் கேட்டார்கள். 1776இல் பிலடெல்பியா குவேக்கர்கள், அடிமை வைத்திருப்பவருக்கு எங்கள் சமூகத்தில் இடமில்லை என்று அறிவித்தார்கள். பழைய விதிக்குள் இருந்ததையே எடுத்து, பழையவர்கள் போகாத தூரம் போனார்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டில் உடனடியாகப் புதுப்பிக்க வேண்டிய விதி இரவுப் பணியும் இல்லை, வட்டியும் இல்லை. புறங்கூறாமை. அதை விலக்காத மதம் எனக்குத் தெரிந்து இல்லை. விதி எழுதப்பட்ட காலத்தில் புறம் பேச ஒரு ஆள் வேண்டும், கேட்க ஒரு ஆள் வேண்டும். சொன்னவர் முகம் தெரியும். மறுநாள் அவரிடமே போய், "நீ சொன்னியாமே" என்று கேட்கலாம். இப்போது கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் குரூப்பில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் போகிறது. அங்கிருந்து எந்தெந்தக் குரூப்புக்குப் போகிறது என்று அனுப்பியவருக்கே தெரியாது. மேலே 'ஃபார்வர்ட் செய்யப்பட்டது' என்று ஒரு சின்ன வரி இருக்கிறது. 'நான் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்ல அது ஒன்று போதும். அந்த உறவுக்காரப் பெண் இனி எத்தனை கல்யாண வீடுகளில் எத்தனை பார்வைகளைச் சந்திக்க வேண்டும் என்று உங்கள் கணவர் நினைத்துப் பார்த்தாரா? வாயால் சொன்னால்தான் புறங்கூறல் என்று பழைய அளவிலேயே நிற்பவர் விதியைக் காப்பதாகச் சொல்ல முடியாது. "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்" என்ற குறள் புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள். அதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், வாக்குவாதம் ஆகும்.

வட்டி விஷயத்தில் மகன் வாயை அடைக்காதீர்கள். பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். 1179இல் கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டிக்கு விடுபவருக்குக் கிறிஸ்தவ அடக்கம்கூடக் கிடையாது என்றது. அந்தத் திருச்சபையின் பார்வை பின்னால் எவ்வளவோ மாறியது. இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பாலோர் இன்றும் தடையில் உறுதியாக நிற்கிறார்கள். அதற்கென்றே வட்டியில்லா வங்கி முறைகள் வளர்ந்திருக்கின்றன. உங்கள் நெறியில் என்ன நிலை என்பதை விவரம் தெரிந்த பெரியவரிடம் கேளுங்கள். மகன் சுட்டுவது அதைவிடச் சின்ன விஷயம். நமக்குத் தேவைப்பட்டபோது ஒரு விதி வளைந்தது. அக்காவுக்குத் தேவைப்படும்போது இன்னொரு விதி இரும்பாகிவிட்டது. இதற்கு உங்கள் இருவரிடமும் பதில் இருக்க வேண்டும்.

இரவுப் பணியில் நான் மகள் பக்கம். ஆனால் அவள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. (அவள் சொன்ன சூத்திரம் நன்னூலில் வருவது. பவணந்தியார் அதை எழுதியது இலக்கணத்துக்கு. வாழ்க்கை முறைக்கு அதை மேற்கோள் காட்டுவது நாம் பழக்கிக்கொண்டது.) பழையது என்பதற்காக ஒன்று கழிந்துவிட்டால் கொல்லாமையும் கள்ளாமையும் முதலில் கழிய வேண்டும், அவை அவ்வளவு பழையவை. அந்த விதி எதைக் காக்க வந்தது என்று பார்க்க வேண்டும். பெண்ணுக்குத் தீங்கு வரக் கூடாது என்பதற்காக என்றால், தீங்கு செய்பவன் வெளியே திரிய, தீங்குக்கு ஆளாகக்கூடியவளை உள்ளே வைப்பது என்ன நியாயம்? இதே நேரத்தில் மகனுக்கு வேலை வந்தால் வீட்டில் பேச்சே எழாது அல்லவா? அலுவலக வண்டி வீட்டு வாசல்வரை வருமா, கூட யார் வருகிறார்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அப்பா கேட்கட்டும். அவள் எரிச்சல்படாமல் பதில் சொல்லட்டும். கவலைப்படும் உரிமை அவருக்கு உண்டு, தடுக்கும் உரிமை இல்லை.

யார் முடிவு செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். விதியின் பாரத்தைச் சுமப்பவர் இல்லாத அறையில் முடிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான் என் நிபந்தனை. அந்த அறையில் பெரியவர்களும் இருக்கட்டும், நூல் படித்தவர்களும் இருக்கட்டும். மகளும் இருக்க வேண்டும்.

இந்த வாரம் முதலில், அந்தப் பெண்ணைப் பற்றி அனுப்பியது தவறு என்று அதே குரூப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். நடந்து ஒரு மாதமாகிவிட்டதால் இனி அழித்துப் பயனில்லை, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். பிள்ளைகள் எதிரில் சொல்லாமல், தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். மறுத்தால் நீங்களே உங்கள் பெயரில் போடுங்கள், அந்தப் பெண்ணையும் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். இரவுப் பணிப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதில் அப்பாவும் மகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசட்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகும் வேலையை நீங்கள் விட்டுவிடுங்கள்.