பேஞ்சோ கற்பவர் முதலில் எடுக்க வேண்டிய பாடல்கள்: கேள்வி பதில்

ஐந்து தந்தி பேஞ்சோவை அண்மையில் வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளில், முதல் பாடல்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு விதமாகச் சொல்லாத இடங்களில், கருவி ஓப்பன் ஜி முறையில், அதாவது நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை டி, ஜி, பி, டி என்றும், குட்டையான ஐந்தாம் தந்தி மேல் ஜி என்றும் சுருதி கூட்டப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, ஒவ்வொரு பட்டியலும் வேறு வேறு பாடலை முதலில் சொல்கிறது. நான் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: 'பாயில் தெம் கேபேஜ் டவுன்' என்ற அமெரிக்க நாட்டுப்புற மெட்டிலிருந்து தொடங்குங்கள். அதன் எளிய வடிவத்தில் நான்கே சுரங்கள்தான் உள்ளன. மூன்றாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வரும் ஜி-யை ஷட்ஜமமாகக் கொண்டால், அவை ச, ரி, க, ம என்று அமையும். ரிஷபம் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை), காந்தாரம் திறந்த இரண்டாம் தந்தியிலும், மத்யமம் அதே தந்தியின் முதல் ஃபிரெட்டிலும் இருப்பதால், இடக்கை இரண்டாவது ஃபிரெட்டைத் தாண்ட வேண்டியதே இல்லை. கார்ட்களும், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகளும், மூன்றுதான்: ஜி-க்கு விரலே வேண்டாம், சி-க்கு மூன்று விரல்கள் போதும், டி-க்குப் பதிலாக டி7 வைத்துக்கொண்டால் இரண்டு விரல்களில் முடிந்துவிடும்.

ஆனால் பட்டியல்கள் சொல்லாமல் விட்டுவிடும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இவற்றை எழுதுபவர்கள், கற்பவர் அந்த மெட்டைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருப்பார் என்ற எண்ணத்தில்தான் எளிது, கடினம் என்று பிரிக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தச் செவிப்பழக்கம் கிடையாது. மெட்டு காதில் இல்லாதவர் எந்தத் தந்தியை எந்த ஃபிரெட்டில் அழுத்துவது என்று எண்களால் குறித்த டாப் தாளைப் பார்த்து வாசிக்கும்போது, ஒவ்வொரு சுரமும் சரியாக விழுந்தாலும் பாட்டு வராது. எங்கே தவறினோம் என்பதும் அவருக்கே தெரியாது. ஆகவே கருவியைத் தொடுவதற்கு முன் அந்தப் பாடலை மூன்று, நான்கு பேர் வாசித்த பதிவுகளில் கேளுங்கள்; துணையின்றி முனக வரும் வரை கேளுங்கள். முனக வராத பாடலை, அது எவ்வளவு எளியதாக இருந்தாலும், முதல் பாடலாக எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: கிளாஹேமர் கற்பதா, மூன்று விரல் முறை கற்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பாடலை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முறைதான் பாடலைத் தீர்மானிக்கிறது. பேஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்கிரக்ஸ் 1945 டிசம்பரில் அமெரிக்க இசைக்கலைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபின் பரவிய மூன்று விரல் முறையில், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை எட்டு எட்டு சுரங்களாக ஓடும் ரோல்களை இடைவிடாமல் வாசிக்கின்றன. மெட்டு அந்த ஓட்டத்துக்குள் பதிந்திருக்கும். கிளாஹேமர் அதைவிடப் பழையது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாசிப்பிலிருந்து வந்த முறை அது: நகத்தால் கீழ்நோக்கித் தந்தியைத் தட்டி, பிறகு பல தந்திகளை ஒருசேர வருடி, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியைத் தொட்டு முடிப்பார்கள். முன்னதில் தொடங்குபவருக்கு, ரோல் மாறாமல் கார்ட் மட்டும் மாறும் பாடல்கள் பொருந்தும். பின்னதில், மெட்டின் முக்கியச் சுரங்கள் தாளத்தின் அடிகளிலேயே விழும் நடன மெட்டுகள் பொருந்தும். முன் சொன்ன பாடல் இரண்டுக்கும் பொதுவானது என்பதும் அதை நான் முதலில் வைத்ததற்கு ஒரு காரணம்.

கேள்வி: என் ஆசிரியர் 'கிரிப்பிள் கிரீக்'கில் தொடங்கினார். எனக்குத் திணறலாக இருக்கிறது. நான் மந்தமானவனா?

பதில்: இல்லை. 'கிரிப்பிள் கிரீக்' நல்ல பாடல்தான். பேஞ்சோ வாசிப்பவர் அனைவரும் அறிந்தது. சிறிய இரண்டு பகுதிகளை இரண்டிரண்டு முறை வாசித்தால் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆனால் வழக்கமாகக் கற்றுத்தரும் வடிவத்தில் ஸ்லைடு (அழுத்திய விரலைத் தந்தியில் வழுக்குவது), ஹேமர்-ஆன் (மீட்டிய தந்தியை விரலால் தட்டி அடுத்த சுரம் எழுப்புவது), புல்-ஆஃப் (அழுத்திய விரலால் தந்தியைச் சுண்டி விடுவிப்பது) ஆகிய இடக்கை வேலைகள் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. வலக்கை இன்னும் நிலைப்படாத ஒருவருக்கு இது இரட்டைச் சுமை. அலங்காரங்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் மெட்டையும் ரோலையும் மட்டும் வாசிக்கும் வடிவம் ஒன்றை ஆசிரியரிடம் கேளுங்கள். அது சீராக ஓடிய பிறகு ஸ்லைடை மட்டும் சேர்த்தால், அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: நான் பேஞ்சோ வாங்கியதே 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' வாசிப்பதற்காகத்தான். அதிலிருந்தே தொடங்கக் கூடாதா?

பதில்: பிளாட் அண்ட் ஸ்கிரக்ஸ் குழு 1949-இல் பதிவு செய்த அந்த மெட்டின் முதல் அடிகளை மட்டும் இப்போதே கற்றுக்கொள்ளலாம், இரண்டாம் தந்தியில் இரண்டாவது ஃபிரெட்டிலிருந்து மூன்றாவதற்குத் தாவும் அந்த ஹேமர்-ஆன் நல்ல பயிற்சி. முழுப் பாடலையும் முதல் பாடலாக எடுப்பதைத்தான் தடுப்பேன். அந்த மெட்டின் சுவை வேகத்தில் இருக்கிறது. மெதுவாக வாசித்தால் அது அந்தப் பாட்டாகவே கேட்காது. ஆகவே கற்பவர் தன்னையறியாமல் வேகம் கூட்டுவார், வேகம் கூட்டியதும் கட்டைவிரல் தடுமாறும், அந்தத் தடுமாற்றமே பழக்கமாகிப் பின்னர் எல்லாப் பாடல்களிலும் தலைகாட்டும். மெதுவாக வாசித்தாலும் பாட்டாகக் கேட்பதே முதல் பாடலாவதற்குத் தகுதியுடையது.

கேள்வி: நான் சில ஆண்டுகள் வீணை கற்றவள். கர்நாடக இசையிலிருந்தோ திரைப்பாடல்களிலிருந்தோ தொடங்கலாமா?

பதில்: உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத வசதிகள் உண்டு. பேஞ்சோவின் ஐந்தாம் தந்தி வீணையின் தாளத் தந்திகளைப் போலப் பக்கத்தில் நின்று ஷட்ஜமத்தை ஒலித்துக்கொண்டிருப்பது. அதன் பயன் உங்களுக்கு விளக்காமலே புரியும். ஓப்பன் ஜி-யில் தந்திகள் கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம், மேல் ஷட்ஜமம் என்று நிற்பதால் சங்கராபரணமும் மோகனமும் கைக்கு எளிதில் அகப்படும்.

தடையாக இருப்பது கமகம். வீணையில் தந்தியை இழுத்து அசைக்க இடமிருக்கிறது, ஒலியும் நீண்டு நிற்கிறது. பேஞ்சோவில் தந்தியின் அதிர்வை அதன் முகப்பில் இழுத்துக் கட்டிய தோல் உடனே ஒலியாக்கிச் செலவழித்துவிடுவதால், மீட்டிய சுரம் விரைவில் அடங்கிவிடும். தோடியின் காந்தாரத்தை அதில் அசைக்க முயல்வது வீண். ஆகவே கமகம் வேண்டாத உருப்படிகளாகப் பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு இயற்றிய நோட்டுஸ்வரங்கள் இதற்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. நேர்ச்சுரங்கள், சங்கராபரண வழி, குட்டையான அடிகள். அவற்றில் 'சியாமளே மீனாட்சி' என்பது ஆங்கிலக் குழந்தைகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று பாடும் அதே மெட்டு. ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச என்று செல்லும் அதன் சுரங்கள் அனைத்தும் முதல் இரண்டு ஃபிரெட்களுக்குள் கிடைக்கும். மெட்டு ஏற்கெனவே உங்கள் காதில் இருப்பதால், நான் முதலில் சொன்ன பாடலையும் முந்திக்கொண்டு இதையே எடுக்கலாம்.

திரைப்பாடல்களில் பல்லவியின் மெட்டு மட்டும் போதும் என்றால் தடையில்லை. இடையிசையோடு முழுப் பாடலையும் கொண்டுவர முயல்பவர்கள் பெரும்பாலும் பாதியில் நிற்கிறார்கள்.

கேள்வி: வாசித்துக்கொண்டே பாட வேண்டும் என்பது என் ஆசை. எந்தப் பாடல் ஏற்றது?

பதில்: 'டாம் டூலி'. வட கரோலினாவில் கொலைக் குற்றத்துக்காக 1868-இல் தூக்கிலிடப்பட்ட டாம் டூலா என்பவரைப் பற்றிய கதைப்பாட்டு அது. கிங்ஸ்டன் டிரியோ 1958-இல் வெளியிட்ட பதிவால் உலகெங்கும் தெரிந்தது. ஜி, டி7 என்ற இரண்டே கார்ட்கள். மெட்டு மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடங்கும். குரல் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடு ஸ்தாயிக் காந்தாரம் வரை போய் வந்தால் போதும். பெண்குரலுக்கு இது தாழ்வாகப் படலாம். அப்போது கேப்போவை (நீளமான நான்கு தந்திகளையும் ஒரு ஃபிரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வியை) மூன்றாவது அல்லது ஐந்தாவது ஃபிரெட்டில் போட்டு, ஐந்தாம் தந்தியையும் அதே அளவு உயர்த்திக்கொள்ளுங்கள். பாடும்போது மெட்டை வாசிக்க முயல வேண்டாம். ரோலும் கார்டும் மட்டும் ஓடட்டும்.

கேள்வி: எங்கள் தேவாலயத்தில் வாசிப்பதற்காக 'அமேசிங் கிரேஸ்' கற்க விரும்புகிறேன். மெதுவான பாடல் என்பதால் எளிதுதானே?

பதில்: மெட்டு எளிது, தாளம்தான் சிக்கல். அது மூன்று அடித் தாளத்தில் அமைந்தது; நீங்கள் பழகிவரும் எட்டுச் சுர ரோல் அதில் பொருந்தாது, ஆறு சுரங்களாகக் குறைக்க வேண்டும். மேலும் நீண்ட சுரங்கள் பேஞ்சோவில் நிற்காததால் இடைவெளிகளை நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும். நான்காவது, ஐந்தாவது பாடலாக வையுங்கள்.

கேள்வி: 'ஓ சுசானா' எளிய பாடல் என்கிறார்கள், அதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஏன்?

பதில்: ஸ்டீபன் ஃபாஸ்டரின் அந்தப் பாடல் 1848-இல் வெளிவந்தது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் மேடைகளில் புகழ்பெற்றது; அதன் பழைய வரிகளில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொற்கள் உள்ளன. பேஞ்சோவே கறுப்பினத்தவர் உருவாக்கிய கருவி என்பதால் இந்த முரண் இன்னும் உறுத்துகிறது. மெட்டைப் பயிற்சிக்கு எடுப்பதில் கைக்குத் தீங்கில்லை. ஆயினும் இதே அளவு எளிய வேறு மெட்டுகள் இருக்கும்போது, பிறர் முன்னிலையில் வாசிக்கும் முதல் பாடலாக இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கேள்வி: என்னுடையது நான்கு தந்தி டெனர் பேஞ்சோ. இதே பாடல்கள்தானா?

பதில்: அல்ல. அயர்லாந்து இசைக்காக ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி கூட்டிப் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) கொண்டு வாசிப்பதானால், அங்குள்ள நடன மெட்டு வகைகளில் எளிய போல்காவில் தொடங்கி, பிறகு ஜிக், அதன்பின் ரீல் என்று செல்லுங்கள். டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா வாசித்த பதிவுகளைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் டொராண்டோவில் இருக்கிறேன். மூன்று பாடல்கள் தெரியும். இங்கே பழைய அமெரிக்க நாட்டுப்புற இசை ஆர்வலர்கள் கூடி வாசிக்கும் இடத்துக்குப் போக ஆசை. நான்காவதாக எதைக் கற்றுக்கொண்டு போகலாம்?

பதில்: முதலில் கருவியில்லாமல் ஒருமுறை போய், அவர்கள் அடிக்கடி வாசிப்பது எது என்று கேட்டு வாருங்கள், அதுவே உங்கள் நான்காவது பாடல். அது 'ஓல்ட் ஜோ கிளார்க்' ஆக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அதில் நிஷாதம் அரைச் சுரம் தாழ்ந்து வருவதால் எஃப் கார்ட் ஒன்று புதிதாகத் தேவைப்படும். 'ஷேடி குரோவ்' என்றால், இரண்டாம் தந்தியை பி-யிலிருந்து சி-க்கு ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வயலின் வாசிப்பவர்கள் இத்தகைய மெட்டுகளைப் பெரும்பாலும் ஏ சுருதியில் எடுப்பார்கள். ஆகவே இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு, ஐந்தாம் தந்தியையும் ஏ-க்குக் கொண்டுவர வேண்டும். அதைப் பிரடையை (சுருதி கூட்டும் முறுக்காணியை) முறுக்கி ஏற்றலாம்; அல்லது பொம்மை ரயில் தண்டவாளத்துக்குப் பயன்படும் சிறிய ஆணி ஒன்றை ஏழாவது ஃபிரெட்டின் அருகே கருவி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பதித்துக்கொண்டால், தந்தியை அதனடியில் மாட்டினால் போதும். இதை வீட்டிலேயே சுத்தியலால் செய்து பார்க்க வேண்டாம். கருவியின் கழுத்து பிளந்துவிடக்கூடும்.