நாற்பது வயது என்ற கணக்கு: கடிதமும் பதிலும்

வணக்கம். அப்போலோடோரஸின் ‘நூலகம்’ என்ற கிரேக்கத் தொன்மத் தொகுப்பை ஆங்கிலத்தில் வாசித்தேன். முன்னுரையில் ‘போலி அப்போலோடோரஸ்’ என்கிறார்கள். அப்படியென்றால் உண்மையான அப்போலோடோரஸ் யார்? என்ன எழுதினார்?

அன்புள்ள நண்பருக்கு,

‘நூலகம்’ ஏதென்ஸ் அப்போலோடோரஸ் எழுதியது அல்ல. அதில் மேற்கோளாக வரும் காஸ்டர் என்ற வரலாற்றாசிரியரின் காலக்கணக்கு கி.மு. 61 வரை நீள்வது. அப்போலோடோரஸோ கி.மு. 180 வாக்கில் பிறந்தவர். 1873ல் கார்ல் ராபர்ட் இதை நிறுவினார்.

உண்மையானவர் அலெக்சாந்திரியாவில் ஹோமர் ஆய்வாளர் அரிஸ்டார்க்கஸிடம் பயின்ற இலக்கண அறிஞர். ஹோமரின் ‘இலியட்’ காவியத்தில் வரும் கப்பல் பட்டியலுக்கு 12 சுருள்களில் உரை எழுதினார். ‘தெய்வங்கள் பற்றி’ 24 சுருள்கள். தெய்வப் பெயர்களின் வேர்ச்சொல்லைத் தேடிச் சென்ற நூல். ‘நூலகம்’ கதையைச் சொல்லிக்கொண்டே போகும், வேர் தேடாது. உண்மையான அப்போலோடோரஸ் எழுதியவற்றில் இன்று எஞ்சியிருப்பவை பிறர் எடுத்தாண்ட துணுக்குகள் மட்டுமே.

நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ‘காலவரிசை’. ட்ராயின் வீழ்ச்சியில் (அவர் கணக்கில் கி.மு. 1184) தொடங்கித் தன் காலம் வரை வந்து, பெர்கமம் அரசர் இரண்டாம் அட்டலஸுக்குப் படைத்த நூல். மனப்பாடத்துக்கு எளிதாக, நகைச்சுவை நாடகங்களின் யாப்பில் செய்யுளாக எழுதினார்.

ஒருவர் பிறந்த ஆண்டு தெரியாதபோது அவர் வாழ்வோடு தொடர்புடைய பெரிய நிகழ்வு ஒன்றை அப்போலோடோரஸ் எடுத்துக்கொள்வார். அந்த நிகழ்வின்போது அந்த மனிதருக்கு வயது 40 என்று வைத்துக்கொள்வார், அதுவே ‘அக்மே’, உச்சப் பருவம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குடியேறிய தூரியை நகரம் கி.மு. 444ல் நிறுவப்பட்டது. நாம் பாடநூல்களில் படிக்கும் 484 என்ற பிறப்பாண்டு பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

அவர் கணக்கில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடைவெளியும் 40 ஆண்டுகளே. தத்துவஞானி பார்மெனிடிஸின் உச்சம் 69ஆம் ஒலிம்பியாடு, மாணவர் ஸீனோவுக்கு 79ஆம் ஒலிம்பியாடு. ஒலிம்பியாடு என்பது ஒரு ஒலிம்பிக் விளையாட்டிலிருந்து அடுத்தது வரையான நான்கு ஆண்டுகள், பத்துக்கு நாற்பது. ஆனால் பிளேட்டோ காட்டும் சந்திப்பில் பார்மெனிடிஸுக்கு 65, ஸீனோவுக்கு 40, இடைவெளி 25தான். கிரேக்க வரலாற்றில் வட்டமான 40ஐக் கண்டால் அது ஆவணமா கணிப்பா என்று கேளுங்கள்.

ஆனாலும் முறை தெரிந்ததால் பிழை திருத்தவும் முடிகிறது. தத்துவஞானி தேலிஸ் 35ஆம் ஒலிம்பியாட்டின் முதல் ஆண்டில் பிறந்து, 78 வயதில், 58ஆம் ஒலிம்பியாட்டில் இறந்தார் என்று அப்போலோடோரஸ் சொன்னதாக தத்துவஞானிகளின் வாழ்க்கைகளை எழுதிய டயோஜினிஸ் லேயர்ஷியஸின் நூற்பிரதிகளில் இருக்கிறது. முதல் ஒலிம்பியாடு தொடங்கிய கி.மு. 776லிருந்து எண்ணினால் பிறப்பு 640. 78ஐக் கழித்தால் 562. ஆனால் 58ஆம் ஒலிம்பியாடு 548ல்தான் தொடங்குகிறது. 35ஐ 39 என்று மாற்றிப் பாருங்கள்: பிறப்பு 624, இறப்பு 546. சரியாகப் பொருந்துகிறது. தேலிஸ் முன்னறிவித்ததாகச் சொல்லப்படும் 585 கிரகணத்தின்போது, முதல் ஆண்டையும் சேர்த்து எண்ணும் கிரேக்க வழக்கப்படி, அவருக்கு 40. கிரேக்கர் எண்களை எழுத்தால் குறித்தார்கள். ஐந்தைக் குறிக்கும் எப்சிலானும் ஒன்பதைக் குறிக்கும் தீட்டாவும் பழைய வட்ட வடிவில் ஒன்றுபோலவே தெரியும். பிரதி எடுத்தவரின் கண் அங்கே தவறியிருக்க வேண்டும் என்பதே ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் டீல்ஸின் திருத்தம்.