கொரிய ஏடுகளில் சீன எழுத்துகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொரிய மொழிக்கே உரிய ஹங்குல் எழுத்துகளைக் கற்று, அகராதியின் துணையோடு கொரியச் செய்திகளை வாசித்து வருகிறேன். அண்மையில் பழைய கொரிய நாளிதழ் ஒன்றின் படத்தைப் பார்த்தபோது, அதில் ஏறக்குறைய பாதி சீன எழுத்துகளாக இருந்தன. அதை வாசிக்கச் சீன மொழியையே படிக்க வேண்டுமா? எழுதவும் பழக வேண்டுமா?
– வாசகி, தக்கலை

பதில்: சீன மொழியைப் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்த்தது கலப்பெழுத்தில் அச்சான தாள். அதில் சீன வழிச் சொற்கள் 'ஹஞ்சா' எனப்படும் சீன எழுத்துகளிலும், வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் ஹங்குலிலும் இருக்கும். ஆகவே வாக்கியத்தின் கட்டுக்கோப்பு உங்களுக்கு இப்போதே தெரிந்ததுதான். சேஜோங் மன்னர் 1446-இல் ஹங்குலை அறிவித்த பிறகும் ஹஞ்சா நூற்றாண்டுக் கணக்கில் செல்வாக்கோடு இருந்தது. 1988-இல் தொடங்கிய 'ஹங்க்யோரே' நாளிதழ்தான் முதல் இதழிலிருந்தே ஹங்குலில் மட்டும் அச்சாகி வழக்கத்தை மாற்றியது. திருவிதாங்கூர்க் காலத்து வீட்டுப் பத்திரம் மலையாளத்தில் இருப்பதால், அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இன்றும் உண்டு. தாத்தா வாசித்த நாளிதழைப் பேரனால் வாசிக்க முடியாத நிலை கொரியாவிலும் அப்படித்தான் வந்தது.

கொரியர்கள் ஒவ்வோர் எழுத்தையும் பொருளையும் ஒலியையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறார்கள். தண்ணீருக்கான எழுத்து 'முல் சு', கைக்கான எழுத்து 'சொன் சு'. முதற்சொல் தூய கொரியப் பொருள், இரண்டாவது எழுத்தின் ஒலி. 'சு' என ஒலிக்கும் எழுத்துகள் பல இருப்பதால், இந்த இரட்டைப் பெயரை விட்டுவிட்டு ஒலியை மட்டும் படிப்பவர் வெகு விரைவில் குழம்பிப் போவார். நீங்களும் அவ்வாறே வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். ஏற்கெனவே தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. பள்ளி 'ஹக்க்யோ', மாணவர் 'ஹக்செங்', பல்கலைக்கழகம் 'தேஹக்' ஆகிய மூன்றிலும் வரும் 'ஹக்' ஒரே எழுத்து. கற்றல் என்பது அதன் பொருள். அதை அறிந்தபின் அறிஞரைக் குறிக்கும் 'ஹக்ஜா' புதுச்சொல்லாகவே தோன்றாது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நான் விரும்பிக் காட்டும் எழுத்து ஒன்று உண்டு. ஒரு சதுரத்துக்குள் கூட்டல் குறி போட்டால் வயலுக்கான எழுத்து. கொரியாவில் அது 'ஜொன்', அதாவது புஞ்சை. அதன் தலைமேல் தண்ணீருக்கான எழுத்தை ஏற்றினால் 'தப்', நஞ்சை. இந்த இரண்டாவது எழுத்து கொரியர்களே உருவாக்கியது. பழைய நில விற்பனைப் பத்திரங்களில் இரண்டும் சேர்ந்து 'ஜொன்தப்' என்று வரும்.

எழுதவும் பழகுங்கள், ஆனால் வாசிப்பு முன்னே செல்லட்டும். கொரியாவில் நடக்கும் ஹஞ்சாத் தகுதித் தேர்வில் நான்காம் நிலைக்கு 1000 எழுத்துகளை வாசிக்கத் தெரிய வேண்டும். எழுதத் தெரிய வேண்டியவை 500 மட்டுமே. இந்த அளவு மிகவும் நியாயமானது என்பது என் கருத்து. கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். புஞ்சை எழுத்தை எடுத்துக்கொண்டால், முதலில் இடப்பக்கக் கோடு, பிறகு மேல்கோடும் வலக்கோடும் ஒரே இழுப்பில், பிறகு உள்ளே கூட்டல் குறி, கடைசியாக அடிக்கோடு என ஐந்து கோடுகள். வீட்டுக்குள் எல்லாம் வைத்த பிறகே வாசலை அடைக்க வேண்டும் என்ற இவ்வரிசை கைக்குப் பழகிவிட்டால், அறியாத எழுத்தின் கோடுகளை எண்ணி அகராதியில் தேடுவது எளிதாகும். தென்கொரியக் கல்வி அமைச்சகம் 1972-இல் வகுத்த 1800 அடிப்படை எழுத்துகளில் நடுநிலைப் பள்ளிக்குரிய 900 வசப்பட்டாலே, பழைய நாளிதழின் தலைப்புகள் பெரும்பாலும் பிடிபடும்.

கொரியாவை முன்பு ஆண்ட ஜோசோன் மரபு அரசர்களின் ஆண்டுக்குறிப்புகள் வேறு வகை. அவை முழுக்கச் செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டவை. சொல்வரிசையே வேறு என்பதால், எழுத்தறிவு மட்டும் அங்கே போதாது.

கேள்வி: சீன மொழி கற்பிக்கும் கைப்பேசிச் செயலியில் பயின்றால் ஹஞ்சாவுக்கும் உதவுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: செயலியின் அமைப்பில் மரபு வடிவ எழுத்துகளைத் தேர்ந்துகொண்டால் ஓரளவு உதவும். சீனாவின் எளிதாக்கிய வடிவங்கள் கொரிய ஏடுகளில் வருவதில்லை. மேலே சொன்ன 'ஹக்' கொரியாவில் 16 கோடுகள், சீனாவில் 8. ஒலியும் வேறு என்பதால், செயலியின் உச்சரிப்பை விட்டுவிட்டு கொரிய இணையதளமான நேவரின் ஹஞ்சா அகராதியில் கொரிய ஒலியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாத எழுத்தை அதில் விரலால் வரைந்தும் தேடலாம்.