பணத்தைக் கட்டுமுன் பில்லைத் தேடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் நர்ஸாக இருக்கிறாள். நானும் மனைவியும் அங்கே தங்கியிருந்தபோது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குக் காரில் அழைத்துப் போனாள். கடைக்குள் மனைவிக்குத் தலை சுற்றியது. அங்கேயே இருந்த மருந்துக் கடையில் உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சாமான் வாங்கிக்கொண்டு கிளம்ப நேரமாகிவிட்டது. பதினோராம் நாள் ஒரு தனியார் நிறுவனத்தின் கடிதம் வந்தது. இரண்டு மணி நேர இலவச வரம்பைத் தாண்டி 24 நிமிடம் வண்டி நின்றதாம். 100 பவுண்டு கட்ட வேண்டும், 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும் என்கிறார்கள். விசாவுக்குச் சிக்கல் வந்துவிடும் என்று பயந்து மகள் கட்டிவிடத் துடிக்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மேல்முறையீட்டுக்கு வழி உண்டா?
– ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்

பதில்: வழி உண்டு, ஐயா. முதலில் மகளைப் பணம் கட்டாமல் நிறுத்துங்கள். கட்டிவிட்டால் விஷயம் முடிந்ததாகக் கணக்கு. பிறகு மேல்முறையீட்டுக்கு இடமில்லை. பொள்ளாச்சிக்குத் திரும்புவதற்கு முன் பல ஆண்டுகள் அந்நாட்டில் ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில் வேலை பார்த்தேன். இதே மாதிரிக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இரவுப் பணி முடித்த கண்களோடு எத்தனையோ நர்ஸ்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்டது விசாவைப் பற்றித்தான். அந்தப் பயத்தினால் மட்டுமே பணம் கைமாறுவதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கடிதத்தின் தலைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்றிருந்தால் தனியார் கேட்கும் பணம். 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்' என்றிருந்தால் உள்ளாட்சி விதித்த அபராதம். அதற்கு நடைமுறையே வேறு. உங்கள் மகளுக்கு வந்திருப்பது முதல் வகை. நம் பஸ் நிலைய ஸ்டாண்டில் 'ஒரு நாளுக்கு மேல் நின்றால் கூடுதல் கட்டணம்' என்று பலகை வைத்திருப்பார்களே, அதுபோலத்தான் இதுவும். பலகையைப் பார்த்து வண்டியை உள்ளே விட்டதையே ஒப்பந்தம் என்கிறார்கள். அதை மீறியதற்குப் பணம் கேட்கிறார்கள். இதில் போலீஸுக்கு வேலை இல்லை, குற்றப் பதிவும் ஆகாது. நிறுவனம் சிவில் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கி, அந்தப் பணத்தையும் ஒரு மாதத்துக்குள் கட்டாமல் விட்டால்தான் ஆறு ஆண்டுகளுக்குக் கடன் பதிவேட்டில் பெயர் நிற்கும். அந்த நிலைக்கு இன்னும் வெகு தூரம் இருக்கிறது.

இப்போது அந்தக் கடையின் பில்லைத் தேடுங்கள். பில்லில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். அந்தத் தாள் சீக்கிரமே வெளுத்துவிடும் என்பதால் இன்றே படம் எடுத்துக்கொள்ளட்டும். பில் தொலைந்திருந்தால் கார்டில் பணம் போன வங்கிக் கணக்கு வரியும், கடையின் உறுப்பினர் அட்டையில் ஏறிய புள்ளிகளும் சான்றாகும். அதை எடுத்துக்கொண்டு மகள் நேராகக் கடை மேலாளரைப் பார்க்க வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தைக் கண்காணிக்கும் நிறுவனம் கடையின் சார்பில் வேலை செய்வது. உண்மையான வாடிக்கையாளர் என்று கடை சொன்னால் நோட்டீஸை ரத்து செய்வது வழக்கத்தில் இருக்கிறது. என் அனுபவத்தில் இதைவிட நல்ல வழி வேறில்லை. உங்கள் மனைவியை உட்காரவைத்துப் பார்த்த மருந்துக் கடை ஊழியரிடம் அன்றைய நாளையும் நேரத்தையும் சொல்லி, இரண்டு வரி எழுதி வாங்க முடியுமா என்றும் கேட்கட்டும்.

கடைக்காரரின் பதிலுக்காக நாளைக் கடத்தக் கூடாது. கடிதத்தில் குறித்திருக்கும் கெடுவுக்குள் நிறுவனத்துக்கும் முறையீட்டை அனுப்பிவிட வேண்டும். 14 நாளுக்குள் அனுப்பினால் இன்னும் நல்லது. அதை நிராகரித்தாலும் பெரும்பாலும் 60 பவுண்டுச் சலுகையை மறுபடி தருவார்கள்.

'100 பவுண்டு அநியாயம்' என்று எழுதி ஜெயிக்க முடியாது. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதே வாதத்தைக் கேட்டது. செம்ஸ்ஃபோர்டு நகரில் ஒருவர் இரண்டு மணி நேர இலவச வரம்பைத் தாண்டி 56 நிமிடம் காரை விட்டிருந்தார். கேட்ட தொகை 85 பவுண்டு. செல்லும் என்று தீர்ப்பானது. ஆகவே தொகையை விட்டுவிட்டு நேரத்தையும் பலகையையும் பிடியுங்கள். கேமரா கணக்கிடுவது வாசலில் நுழைந்த நொடியிலிருந்து வெளியேறிய நொடி வரை. இடம் தேடிச் சுற்றியது, வெளியேற வரிசையில் நின்றது எல்லாம் அந்த 24 நிமிடத்தில் சேர்ந்திருக்கின்றன. வரம்பு முடிந்தபின் குறைந்தது 10 நிமிடம் சலுகை நேரம் தர வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. ஆக, உண்மையில் பேச்சுக்குள்ளாவது 14 நிமிடம். மகள் அதே பொழுதில் மறுபடி போய், காரில் உட்கார்ந்தபடி பார்த்தால் பலகை கண்ணில் படுகிறதா, எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று படம் எடுத்து வரட்டும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்: 'அன்று என் வண்டியில் வந்தவர்கள் உங்கள் இடத்துக்கு உரிய கடையின் வாடிக்கையாளர்கள். பில்லை இணைத்திருக்கிறேன். வந்தவர்களில் ஒருவருக்குக் கடைக்குள் உடல்நலம் குன்றியது. மருந்துக் கடையில் கவனித்தார்கள். நோட்டீஸை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

நிறுவனம் மறுத்தால், அடுத்து எந்த அமைப்பிடம் போகலாம் என்பதை மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருப்பார்கள். அது தனியார் பார்க்கிங் முறையீடுகளை விசாரிக்கும் 'பாப்லா' என்ற அமைப்பாக இருந்தால் 28 நாள் அவகாசம், கட்டணம் கிடையாது, தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்கள் மகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே நோட்டீஸ் முறைப்படி கொடுக்கப்பட்டதா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். இரக்கத்தை இந்த முதல் கட்டத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: மான்செஸ்டரில் படிக்கும் என் மகனுக்கும் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தது. 'குப்பையில் போடு, ஓட்டியது யார் என்று அவர்களால் நிரூபிக்க முடியாது' என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?
– ஒரு தாய், கரூர்

பதில்: அது பழைய கதை, அம்மா. தனியார் இடத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதை 2012ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தது. அதே சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே பணம் கேட்கலாம் என்றும் வழி விட்டது. கேமராவை வைத்து அனுப்பும் நோட்டீஸ் 14 நாளுக்குள் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். கோபி வாசகருக்குப் பதினோராம் நாளே வந்துவிட்டதால் அந்த வாதம் அவருக்குக் கிடைக்காது. உங்கள் மகன் தேதியைப் பார்க்கட்டும். தாமதமாக வந்திருந்தால் அதை எழுதி முறையிடட்டும். யார் ஓட்டியது என்று தனியார் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஆனால் பொய் மட்டும் எழுத வேண்டாம். வசூல் ஏஜென்சிகள் மிரட்டிக் கடிதம் போடும், கோர்ட் உத்தரவில்லாமல் வீட்டுப் பொருளைத் தொட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. கோர்ட் படிவம் வந்தால் மட்டும் 14 நாளுக்குள் பதில் அனுப்பியே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் பைக்குக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள். ரசீது கேட்டால் தருவதில்லை. 'பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறார்கள். போன வாரம் என் ஹெல்மெட் காணாமல் போனது.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பணம் வாங்கிக்கொண்டு பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. டோக்கனில் அச்சடித்த வரியும் அப்படியே செல்லாது. சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்த பின் கார் திருடு போன டெல்லி வழக்கொன்றில், அச்சடித்த வரியைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது, உரிய கவனம் எடுத்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் ஹெல்மெட்டை அவர்களிடம் ஒப்படைத்தீர்களா, வண்டியில் மாட்டிவிட்டுப் போனீர்களா என்று எழுதவில்லை. ஒப்படைத்திருந்தால் உங்கள் வழக்கு வலுவானது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டு அவகாசம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. கண்காணிப்புக் கேமரா பதிவுகளை வெகு நாள் வைத்திருக்க மாட்டார்கள். அன்றைய பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றே மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.