பேச்சில் அரை மணி நேரம், எழுத்தில் மூன்று வரி

கேள்வி: உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கொரோனாவில் பள்ளி மூடியபோது மகன் நான்காம் வகுப்பு. அதன்பிறகு அவனைத் திரும்ப அனுப்பவில்லை, வீட்டிலேயே படிக்கிறான். இப்போது 14 வயது. கணக்கு, அறிவியல் நன்றாக வருகிறது. நிறையப் படிக்கிறான், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். எழுதச் சொன்னால்தான் தகராறு. போன வாரம் தோட்டத்து மோட்டார் பழுதானதைப் பாட்டியிடம் அரை மணி நேரம் விளக்கினான். அதையே எழுதச் சொன்னேன். "மோட்டர் ரிப்பேர் ஆச்சு. மாமா சரி பண்ணார். தண்ணி வந்துச்சு." அவ்வளவுதான். அடுத்த வருடம் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும். வாரம் இரண்டு கட்டுரை எழுத வைக்கவா? ஆன்லைனில் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் சேர்க்கவா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுரையை ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். வகுப்பும் இப்போது வேண்டாம். அந்த மூன்று வரியை நாலைந்து முறை படித்துப் பார்த்தேன். முதலில் இது நடந்தது, அப்புறம் இது, கடைசியில் இது என்று வரிசை சரியாக இருக்கிறது. பையனிடம் விஷயம் இருக்கிறது. வாயிலிருந்து கைக்கு வரும் வழியில்தான் அது சிந்திப்போகிறது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாயால் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் உட்கார்ந்து மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். உ.வே.சாமிநாதையர் அவரிடம் படித்த காலத்தில் இது அன்றாடக் காட்சி. யோசிப்பது ஒருவர், எழுதுவது இன்னொருவர். அவ்வளவு பெரிய புலவருக்கே வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. உங்கள் மகனோ என்ன சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, எந்த 'ர' போடுவது, கை வலிக்கிறதே என்று நான்கு வேலையை ஒரே நேரத்தில் பார்க்கிறான். மூன்று வரியில் முடித்துக்கொண்டு ஓடாமல் என்ன செய்வான்?

ஆகவே வேலையைப் பிரித்துவிடுங்கள். அடுத்த முறை அவன் பாட்டியிடம் கதை சொல்லும்போது, அவனிடம் சொல்லிவிட்டு, போனில் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். மறுநாள் அதை அவனே கேட்டு, நிறுத்தி நிறுத்தி, பேசியபடியே எழுதட்டும். கொச்சையாக இருக்கிறதே என்று நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. இப்படி ஏதாவது வரும்:

"சுவிட்சப் போட்டா உம்முன்னு சத்தம் மட்டும் வருது, தண்ணி வரல. மாமா பெட்டியத் தொறந்து பாத்தாரு, கண்டன்சர் மேல உப்பிப் போயிருந்துச்சு. புதுசு வாங்கி மாட்டுனதும் ஓடிருச்சு."

மூன்றாம் நாள், இதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது மட்டும் வேலை. "சுவிட்சைப் போட்டால் உம்மென்று சத்தம் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. மாமா பெட்டியைத் திறந்து பார்த்தார். கண்டன்சரின் மேல்பாகம் உப்பியிருந்தது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டியதும் மோட்டார் ஓடியது."

இந்த மாற்றத்துக்குள் பாதி இலக்கணம் வந்துவிடுகிறது. 'வருது' ஏன் 'வந்தது' ஆயிற்று? நடந்து முடிந்த கதை என்பதால். காற்புள்ளி போட்டு ஓட்டிய இடத்தில் ஏன் முற்றுப்புள்ளி? மாமா பார்த்தது ஒரு செயல், கண்டன்சர் இருந்த நிலை வேறு. 'பெட்டியத் தொறந்து' என்று சொல்லும்போது 'த்' காதில் விழுகிறது பாருங்கள். வாய் அந்த ஒற்றெழுத்தை விடுவதில்லை, கைதான் விடுகிறது. அதனால் புணர்ச்சி விதிப் பட்டியலைக் கொடுத்துப் பயமுறுத்த வேண்டாம். சத்தமாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஐ' உருபுக்குப் பின், 'கு' உருபுக்குப் பின், அந்த, இந்த, எந்த என்ற மூன்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். தொடக்கத்துக்கு இது தாராளம். ஓர், ஒரு சண்டையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விதியும் சொல்லிக்கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு மெய்யெழுத்து வராது. முயற்ச்சி, அதற்க்கு, கட்ச்சி எல்லாம் தப்பு. முயற்சி, அதற்கு, கட்சி. இதைத் தெரிந்துகொண்ட பையனைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தால் போதும், வழி நெடுகக் கடை போர்டுகளைத் திருத்திக்கொண்டு வருவான். இந்த வயதில் பெரியவர்கள் தப்பைக் கண்டுபிடிப்பதைவிடச் சந்தோஷம் வேறு ஏது!

திருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் ஒரு பையனின் நோட்டைச் சிவப்பு மையால் நிரப்பிக் கொடுத்தேன். கடமையைச் செய்த பெருமை வேறு எனக்கு. அடுத்த வாரம் முதல் அவன் நோட்டையே கொண்டுவரவில்லை. தொலைந்துவிட்டது என்றான். நான்தான் தொலைத்தேன். அதன்பிறகு வாரத்துக்கு ஒரே வகைப் பிழை என்று வைத்துக்கொண்டேன். இந்த வாரம் முற்றுப்புள்ளி என்றால் முற்றுப்புள்ளி மட்டும்தான். 'மாடுகள் வந்தது' என்று எழுதியிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். 'வந்தன' அடுத்த வாரம். உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். அம்மாவே ஆசிரியை என்றால் இன்னும் கஷ்டம்.

ஹோம்ஸ்கூலிங்கில் நான் பார்க்கும் பெரிய குறை இதில்தான் இருக்கிறது. பிள்ளை எழுதுவதை அம்மாவைத் தவிர யாரும் படிப்பதில்லை. மோட்டாரை உங்களுக்கு எதற்கு விளக்க வேண்டும், நீங்களும் பக்கத்தில்தானே நின்றீர்கள்? தெரிந்தவருக்கு எழுதினால் மூன்று வரிதான் வரும். தெரியாத ஒருவருக்கு எழுத வையுங்கள். நீங்கள் எல்லோரும் வெளியூர் போகும் நாளில் பாட்டி தனியாக மோட்டார் போட வேண்டுமென்றால் எந்தச் சுவிட்ச், எத்தனை நேரம், தொட்டி நிறைந்தது எப்படித் தெரியும், உம்மென்று சத்தம் வந்தால் என்ன செய்வது? இதை ஒரு தாளில் எழுதி சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். பாட்டி அதைப் படித்து, அதன்படி மட்டும் செய்ய வேண்டும். அவன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். "எந்தச் சிவப்பு பட்டன்டா, இங்க ரெண்டு இருக்குதே" என்று பாட்டி கேட்டால், அவனே தாளைப் பிய்த்துவிட்டு வேறு எழுதுவான். இதற்குச் சிவப்பு மை வேண்டாம்.

அஞ்சலட்டையும் நல்ல சாதனம். விலை 50 பைசா, இடம் கொஞ்சம்தான். "முழுப் பக்கம் எழுது" என்றால் மிரளும் பையன் அட்டையைப் பார்த்து மிரள மாட்டான். பதில் போடக்கூடிய சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் அமைந்தால் பாதிக் கவலை விட்டது.

ஏஐயிடம் கேட்டு எழுதுவானோ என்ற பயம் உங்களுக்கு வராமல் இருக்காது. அவன் எழுதி முடித்தபின் "எங்கே புரியவில்லை?" என்று அதனிடம் கேட்கட்டும். எழுதும் முன் போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

சரி, தேர்வுக்கு வருவோம். என்ஐஓஎஸ்ஸில் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. கணக்கையும் அறிவியலையும் முதலில் முடித்துவிட்டுத் தமிழை அடுத்த முறைக்குத் தள்ளலாம். கட்டுரை, கடிதம் என்ற வடிவங்களைக் கடைசி நான்கு மாதத்தில் பழகிக்கொள்ளலாம், பத்திகளாக எழுத வந்துவிட்டால் அது பெரிய வேலையில்லை.

கைக்குத்தான் இப்போதே பயிற்சி வேண்டும். தேர்வறையில் மணிக்கணக்கில் கையால் எழுத வேண்டும், இவன் பத்து நிமிடத்துக்கு மேல் எழுதிப் பழகியிருக்க மாட்டான். தினமும் பத்து நிமிடம், அவனுக்குப் பிடித்த பக்கத்தைப் பார்த்தே எழுதட்டும். மாதம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். சீக்கிரமே கை வலிக்கிறது என்றால் தாளைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கத்தில் எழுத்து புடைத்துத் தெரிந்தால் அழுத்தி எழுதுகிறான் என்று அர்த்தம். பால்பாயின்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு இங்க் பேனா ஒன்று கொடுங்கள்.